சைன் வரைபடத்தை மேலே தூக்கினால் எது மாறும், எது மாறாது? பாம்பன் ஓத அட்டவணையோடு ஒரு சந்தேகம்

தங்கச்சிமடம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரத்தில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். ஒரு சின்ன புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். பாம்பனுக்கான ஓத அட்டவணையில் (கடல் நீர் ஏறி இறங்கும் நேரமும் உயரமும் போட்டிருக்கும் அட்டவணை) இருக்கும் உயரங்களை எடுத்து, அதற்குப் பொருந்தும்படி ஒரு சைன் அல்லது கோசைன் வரைபடம் வரைந்து சமன்பாடும் எழுத வேண்டும். பிளஸ் டூவில் 'ஒய் = ஏ சைன் பிஎக்ஸ்' வரைக்கும் நன்றாகவே புரிந்தது. ஏ என்றால் வீச்சு, பி-யை வைத்துக் காலம், அதாவது ஒரு முழு அலையின் நீளம், கண்டுபிடிக்கலாம், முடிந்தது. இங்கே கடைசியில் '+ டி' என்று ஒன்று வந்து ஒட்டிக்கொண்டு, அதுதான் குழப்புகிறது.

சைன் அலை பூஜ்ஜியத்துக்கு மேலே பாதி, கீழே பாதி என்று ஆடும். அட்டவணையில் இருக்கிற உயரங்களில் மைனஸ் என்பதையே காணோம். அதனால் வரைபடத்தை அப்படியே மேலே தூக்க வேண்டும் என்பது வரை தெரிகிறது. தூக்கினால் வேறு எதெல்லாம் மாறும் என்பதில் எங்கள் விடுதி அறையிலேயே இரண்டு கட்சி. 'சைன் எக்ஸ் + 2 எடுத்துக்கொள், பெரும மதிப்பு 3, அப்போது வீச்சும் 3தான்' என்கிறான் ஒருவன். 'வீச்சு மாறாது, எக்ஸ் அச்சை வெட்டும் இடங்கள் நகர்வதால் காலம்தான் மாறும்' என்கிறான் இன்னொருவன். டேன், கொசீக் வரைபடங்களைத் தூக்கினால் தொலைத் தொடுகோடும் (வரைபடம் நெருங்கிக்கொண்டே போய்த் தொடாமல் நிற்கும் கோடு) சேர்ந்து நகருமா என்பது என் சொந்தச் சந்தேகம், அது புராஜெக்டுக்கு இல்லை, செமஸ்டருக்கு. யாராவது கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.


உப்பளம் எழுதியது:

இரண்டு பேர் சொன்னதும் தப்பு தம்பி. ஆனால் இரண்டுமே வருடா வருடம் என் டியூஷனில் வருகிற தப்புதான், அதனால் எங்கே வழுக்குகிறது என்று பார்த்துவிடலாம்.

புதுப் பாம்பன் பாலத்தில் கப்பல் வரும்போது நடுவில் இருக்கும் 72.5 மீட்டர் நீளத் துண்டு படுத்தவாக்கிலேயே 17 மீட்டர் மேலே ஏறுகிறதே, பார்த்திருப்பாய். தண்டவாளம் நீளவில்லை, வளையவில்லை, முன்னேயும் பின்னேயும் போகவில்லை, ஒவ்வொரு போல்ட்டும் ஒரே அளவு உயர்ந்திருக்கிறது. டி செய்வது அவ்வளவுதான். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் இரண்டு கைகளும் சாய்ந்து எழும்பின, அது வேறு கணக்கு, அதைச் செங்குத்து நகர்வு என்று எழுதினால் மார்க் போய்விடும்.

இப்போது எண்களைப் பார். 0°, 90°, 180°, 270°, 360° என்ற ஐந்து இடத்தில் சைன் மதிப்புகள் 0, 1, 0, −1, 0. எல்லாவற்றிலும் 2 கூட்டு: 2, 3, 2, 1, 2. உச்சி 3, அடி 1. வீச்சு என்பது உச்சிக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, அதாவது (3 − 1) ÷ 2 = 1. முன்பும் 1, இப்போதும் 1. உன் முதல் நண்பர் உச்சியை எக்ஸ் அச்சிலிருந்து அளக்கிறார். அலை இப்போது எக்ஸ் அச்சைச் சுற்றி ஆடவில்லை, ஒய் = 2 என்கிற நடுக்கோட்டைச் சுற்றி ஆடுகிறது. வீச்சை அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும்.

இரண்டாவது நண்பரின் வாதம் கொஞ்சம் சுவாரசியமானது, ஏனென்றால் அவர் கண்ணால் பார்த்தது உண்மை. சைன் எக்ஸ் அச்சை 0°, 180°, 360° என்று 180° இடைவெளியில் சீராக வெட்டும். அரை கூட்டி சைன் எக்ஸ் + ½ என்று எடுத்தால் 210°, 330°, அப்புறம் 570° என்று வெட்டும். இடைவெளி முதலில் 120°, அடுத்து 240°, மறுபடி 120°. சீர் குலைந்துவிட்டது, அதனால் காலமே மாறிவிட்டது போலத் தோன்றுகிறது. ஆனால் 120-ஐயும் 240-ஐயும் கூட்டிப் பார், அதே 360. உச்சியிலிருந்து அடுத்த உச்சி வரை அளந்தால் 90°-இலிருந்து 450°, அங்கேயும் 360. தூக்கிய வரைபடத்தில் காலத்தை எக்ஸ் அச்சை வெட்டும் இடங்களை வைத்து அளக்கவே கூடாது. சைன் எக்ஸ் + 2 எக்ஸ் அச்சைத் தொடவே தொடாதே, அங்கே என்ன செய்வார்?

அடைப்புக்குறியையும் கவனி. சைன் (எக்ஸ் + 2) என்றால் வரைபடம் இடப்பக்கம் நகரும், மேலே போகாது. 3 (சைன் எக்ஸ் + 2) என்று கொடுத்தால் நகர்வு 2 இல்லை, 6. மைனஸ் வெளியே நின்று −(சைன் எக்ஸ் + 2) என்று இருந்தால் நடுக்கோடு −2-க்குப் போய்விடும். முதலில் அடைப்பை விரித்து எழுதிவிட்டு அப்புறம் டி எது என்று பார்.

டேன், கொசீக் விஷயத்துக்கு ராத்திரி வருகிறேன், இப்போது பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.


கீழக்கரை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். வளைகுடாவில் கருவிப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். உப்பளம் சொன்னதை ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) வைத்துக் கையால் திருகிப் பார்க்கலாம், கல்லூரி ஆய்வகத்தில் கட்டாயம் ஒன்று இருக்கும். சிக்னல் ஜெனரேட்டரில் 'ஆஃப்செட்' என்று ஒரு குமிழ் இருக்கும், அதுதான் உன் டி. சைன் அலையை விட்டு அந்தக் குமிழை மெல்லத் திருகு, திரையில் அலை முழுசாக மேலே ஏறும். அலையின் உயரமோ, இரண்டு உச்சிக்கு நடுவில் இருக்கும் தூரமோ மயிரிழை அசையாது. பிறகு ஸ்கோப்பில் 'டிசி' என்பதை 'ஏசி' என்று மாற்று. சட்டென்று அலை நடுத்திரைக்கு இறங்கி நிற்கும், நீ எவ்வளவு ஆஃப்செட் கொடுத்திருந்தாலும் சரி. உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் டி-யை மட்டும் தடுத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் விடுகிறது.

டி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்டுயினோ என்கிற சின்னக் கணினிப் பலகை நல்ல உதாரணம். 5 வோல்ட் போர்டு என்றால் அதன் அனலாக் பின் 0 முதல் 5 வோல்ட் வரைதான் படிக்கும், மைனஸ் வோல்ட் அதற்குத் தெரியாது, கொடுத்தால் கெட்டும் போகலாம். மைக்கிலிருந்து வருகிற சத்தமோ பிளஸ் மைனஸ் இரண்டும் ஆடும். அதனால் இரண்டு ரெசிஸ்டர் போட்டு 2.5 வோல்ட்டுக்குத் தூக்கிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவோம். டி = 2.5. அப்போது வீச்சு 2.5 வரைக்கும் இடம் இருக்கிறது, அதாவது டி − ஏ பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக் கூடாது, டி + ஏ 5-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். டி-யை 4 என்று வைத்தால் அதே அலைக்கு மேலே 1 வோல்ட் இடம்தான் மிச்சம். சார்பு எடுக்கக்கூடிய மதிப்புகளை வீச்சகம் என்று புத்தகத்தில் போடுகிறார்களே, அதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

இயற்பியல் படிக்கிறாய் என்பதால் இன்னொன்று. சைன் வர்க்கம் எக்ஸ் வரைந்து பார். அது வேறொன்றும் இல்லை, ½ − ½ கோசைன் 2எக்ஸ். நடுக்கோடு ½, வீச்சு ½, காலம் 180°. பூஜ்ஜியத்தைத் தொட்டுத் தொட்டு எழும்பும், கீழே போகாது. வீட்டுக்கு வருவது 50 ஹெர்ட்ஸ் கரண்ட், ஆனால் ஒரு ஹீட்டருக்குள் போகிற பவர் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது, அதன் சராசரி உச்சத்தில் சரிபாதி. அந்தப் 'பாதி' எங்கேயிருந்து வந்தது என்றால் இந்த ½ என்கிற மேல் நகர்விலிருந்துதான்.


வாடைக்காற்று எழுதியது:

புராஜெக்ட் ஓதத்தைப் பற்றி என்பதால் கடல் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களுக்குத் தொழில் நாட்டுப்படகு, ஊர் பாம்பன்.

நம் பக்கம் ஏற்றமும் வற்றமும் ரொம்பப் பெரிதில்லை, ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத் பக்கம் காம்பே வளைகுடாவில் பல மீட்டர் ஏறும் என்பார்கள், அந்தக் கணக்கை இங்கே கொண்டுவராதே. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவில் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால்தான் இன்றைக்கு வந்த ஏற்றம் நாளைக்கு ஐம்பது நிமிடம் போலத் தள்ளி வருகிறது. அது உன் காலம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அட்டமி நவமியை ஒட்டி இரண்டும் சுருங்கிவிடும், தண்ணீர் ஏறினதும் தெரியாது இறங்கினதும் தெரியாது. மேலே கூடுகிற அளவே கீழேயும் கூடுகிறது, மேலே குறைகிற அளவே கீழேயும் குறைகிறது. நடுமட்டம் நின்ற இடத்தில் நிற்கிறது. அது வீச்சு மாறுவது.

டி மாறுவது வேறு மாதிரி. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கரை நெடுகக் கடலின் சராசரி மட்டமே கொஞ்சம் உயர்ந்து நிற்கும். அப்போது ஏற்றத்துக்கும் கூடுதல் உயரம், வற்றத்துக்கும் கூடுதல் உயரம். வற்றத்தில் வழக்கமாக வெளியே தெரிகிற பாறை அந்த மாதங்களில் சில நாள் முழுசாக முங்கியே கிடக்கும். பங்குனி பக்கம் எதிர்மாறு. காற்று ஒரே பக்கமாகத் தள்ளும் நாட்களில் கடல் உள்வாங்கி, படகெல்லாம் மணலில் சாய்ந்து, பாசியும் பவளப்பாறையும் வெளியே தெரிய, டிவிக்காரர்கள் வந்து நிற்பதைப் பார்த்திருப்பாய். அதுவும் டி கீழே இறங்கியதுதான், ஓதம் நின்றுபோகவில்லை, தாழ்ந்த மட்டத்தில் நின்றுகொண்டு அதே பன்னிரண்டரை மணிக் கணக்கில் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆக உன் அட்டவணையில் உச்சி மட்டும் உயர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு டி கூடிவிட்டது என்று எழுதிவிடாதே. அடியையும் பார். உச்சி ஏறி அடி இறங்கியிருந்தால் வீச்சு. இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால்தான் டி.


தங்கச்சிமடம் கேட்டது:

உப்பளம் அக்கா, கீழக்கரை காக்கா, வாடைக்காற்று அண்ணே, மூன்று பேருக்கும் நன்றி. அறையில் இரண்டு கட்சியும் இப்போது அமைதி. உச்சி, அடி இரண்டையும் பார்க்கச் சொன்னது ரொம்ப உதவியாக இருந்தது.

ஆனால் சார் கேட்பார், 'டி-யை வைத்து என்ன பிரயோஜனம், பூஜ்ஜியத்தை நடுமட்டத்திலேயே வைத்துக்கொண்டால் டி-யே தேவையில்லையே' என்று. அதற்கு என்ன பதில்? கணக்கில் அது எங்கே பிடிக்கும் என்று ஒரு உதாரணம் கிடைக்குமா?


மேசைக்கணக்கு எழுதியது:

நல்ல கேள்வி. எண்களைக் கணக்குக்காக நான் வைத்துக்கொள்கிறேன், அட்டவணை எண்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் ஏற்றம் 0.8 மீட்டர், வற்றம் 0.2 மீட்டர். டி = (0.8 + 0.2) ÷ 2 = 0.5. ஏ = (0.8 − 0.2) ÷ 2 = 0.3. ஏற்ற நேரத்திலிருந்து மணியை எண்ணினால் கோசைன் வசதி (12 மணி 25 நிமிடம் என்பது 12.42 மணி):

உயரம் = 0.5 + 0.3 கோசைன் (360° × மணி ÷ 12.42)

ஒரு மணல்திட்டைத் தாண்ட அட்டவணை உயரம் குறைந்தது 0.6 இருந்தால்தான் ஒரு வத்தை (சின்னப் படகு) தட்டாமல் போகும் என்று வையுங்கள். எவ்வளவு நேரம் போகலாம்? 0.6-இலிருந்து 0.5 கழித்தால் 0.1, அதை 0.3-ஆல் வகுத்தால் கோசைன் ⅓. கோணம் 70.5°. மணியாக்கினால் 2 மணி 26 நிமிடம். ஏற்றத்துக்கு முன்னே அவ்வளவு, பின்னே அவ்வளவு, மொத்தம் 4 மணி 52 நிமிடம் வழி திறந்திருக்கும்.

இதே கணக்கில் டி-யை மறந்துவிட்டுப் போட்டால் கோசைன் = 0.6 ÷ 0.3 = 2 என்று வரும். கால்குலேட்டர் 'மேத் எரர்' காட்டும். அதாவது எந்தக் காலத்திலும் அந்தத் திட்டை யாரும் தாண்ட முடியாது என்று அர்த்தம், பாம்பன்காரர்கள் சிரிப்பார்கள்.

இப்போது வீச்சைத் தொடாமல் டி-யை மட்டும் அசைத்துப் பாருங்கள், இங்கேதான் விஷயமே இருக்கிறது. வாடைக்காற்று சொன்ன ஐப்பசி உயர்வு 0.1 என்று வைத்தால் டி = 0.6. தேவையான மட்டமும் நடுக்கோடும் ஒன்றாகிவிட்டன, எனவே சரிபாதி நேரம், ஏறக்குறைய 6 மணி 12 நிமிடம் வழி திறந்திருக்கும். ஒரு சாண் கூட இல்லாத பத்து சென்டிமீட்டர் உயர்வுக்கு ஒரு மணி இருபது நிமிடம் கூடுதலாகக் கிடைக்கிறது. டி = 0.3 ஆக இறங்கினால் ஏற்றத்தின் உச்சியில் ஒரு நொடி மட்டும் 0.6-ஐத் தொட்டுவிட்டு இறங்கும். அதற்கும் கீழே போனால் வழியே இல்லை. டி = 0.9 என்றால் வற்றத்திலும் 0.6 இருக்கும், எந்நேரமும் போகலாம். வளைவின் உருவம் இத்தனைக்கும் ஒன்றுதான். அதை ஒரு நிலையான கோடு எங்கே வெட்டுகிறது என்பது மட்டும் மாறிக்கொண்டே போகிறது.

பூஜ்ஜியத்தை நடுமட்டத்தில் வைத்துக்கொள்ளலாமே என்றால், தாராளமாக வைக்கலாம். ஆனால் திட்டின் ஆழம், துறைமுகத்தின் ஆழம் எல்லாம் கடல் வரைபடத்தில் வேறொரு அடிமட்டத்திலிருந்து அளந்து போட்டிருக்கிறார்கள். கடல் சாதாரணமாக அதற்குக் கீழே இறங்காது என்கிற அளவுக்குத் தாழ்ந்த மட்டம் அது. படகுக்காரர் மோசம் போகக் கூடாது என்பதற்காக அப்படி. ஓத அட்டவணையும் அதே அடிமட்டத்திலிருந்துதான் எண்ணுகிறது, அதனால்தான் தங்கச்சிமடம் பார்த்த எண்களில் மைனஸ் இல்லை. ஸ்டேஷனில் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்களே, அது சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எண்ணுவது. மண்டபம் ஸ்டேஷன் பலகைக்கும் பாம்பன் ஓத அட்டவணைக்கும் பூஜ்ஜியம் ஒன்றல்ல. அந்த இரண்டு பூஜ்ஜியத்துக்கும் நடுவில் இருக்கும் உயரம்தான் உங்கள் டி.


உப்பளம் எழுதியது:

மேசைக்கணக்கின் உதாரணத்தை என் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொள்கிறேன். இப்போது டேன்.

தொலைத் தொடுகோடு நகராது தம்பி. டேன் எக்ஸுக்கு 90°, 270° இடங்களில் மதிப்பே கிடையாது. இல்லாத மதிப்போடு 2 கூட்டினாலும் 200 கூட்டினாலும் அது இல்லாததுதான். அந்தக் கோடுகள் செங்குத்தாக நிற்பவை, அவற்றை மேலே தூக்கினாலும் அதே கோட்டின் மேல்தான் விழும். சார்பகம், அதாவது எந்த எக்ஸுக்கெல்லாம் மதிப்பு உண்டோ அது, மாறாது. வீச்சகமும் டேனுக்கு மாறாது, ஏற்கெனவே எல்லா மெய்யெண்ணும் அதில் இருக்கிறது, கூட்டி என்ன ஆகப்போகிறது. அப்படியானால் என்ன மாறியது என்றால் வெட்டும் இடம். டேன் எக்ஸ் + 1 அச்சை 135°, 315° இடங்களில் வெட்டும், முன்பு 180°, 360°. டேனுக்கு உச்சியும் கிடையாது அடியும் கிடையாது, அதனால் வீச்சு என்று கேட்டால் 'இல்லை' என்று தைரியமாக எழுது.

கொசீக் என்பது 1 ÷ சைன், அதில் ஒரு வேடிக்கை. கொசீக் எக்ஸ் அச்சை வெட்டவே வெட்டாது, 1-க்கு மேலே ஒரு கிளை, −1-க்குக் கீழே ஒரு கிளை, நடுவில் காலி. 2 கூட்டினால் மேல் கிளை 3-இலிருந்து தொடங்கும், கீழ்க் கிளை 1-இலிருந்து கீழே இறங்கும், காலி இடம் 1-க்கும் 3-க்கும் நடுவே போய்விடும். இப்போது அந்தக் கீழ்க் கிளை அச்சை வெட்டியே ஆக வேண்டும், 210°, 330° இடங்களில் வெட்டுகிறது. அதே 2-ஐ சைனோடு கூட்டினபோது என்ன ஆனது? வெட்டிக்கொண்டிருந்த சைன் வெட்டுவதை விட்டுவிட்டது. வெட்டாத கொசீக் வெட்ட ஆரம்பித்துவிட்டது. சைனுக்கு டி −1 முதல் 1 வரை இருந்தால்தான் அச்சைத் தொடும், கொசீக்குக்கு டி −1-க்குக் கீழோ 1-க்கு மேலோ போனால்தான் வெட்டும், சரியாக ±1 என்றால் இரண்டுமே தொட்டுவிட்டுத் திரும்பும். இதை வைத்து ஒரு மார்க் கேள்வி எத்தனை வேண்டுமானாலும் போடலாம், போடுகிறார்கள்.

1 ÷ (சைன் எக்ஸ் + 2) என்பதை கொசீக் எக்ஸ் + 2 என்று எழுதிவிடாதே. முன்னது ⅓-க்கும் 1-க்கும் நடுவில் அடங்கிக் கிடக்கும், அதற்குத் தொலைத் தொடுகோடே கிடையாது.

ஒற்றைச் சார்பு, இரட்டைச் சார்பு பற்றியும் கேட்பார்கள். கோசைனை எவ்வளவு தூக்கினாலும் ஒய் அச்சுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான், இரட்டைச் சார்பாகவே இருக்கும். சைனையோ டேனையோ தூக்கினால் ஒற்றைத்தன்மை (ஆதிப்புள்ளியைச் சுற்றி 180° திருப்பினாலும் மாறாத குணம்) போய்விடும், ஏனென்றால் ஆதிப்புள்ளி வழியாகப் போக வேண்டிய வரைபடம் இப்போது (0, டி) வழியாகப் போகிறது.


ஏர்வாடி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரி புராஜெக்ட், ஓதத்துக்குப் பதிலாகப் பகல் நேர நீளத்தை எடுக்கலாமா? அதற்கும் டி வருமா?


மேசைக்கணக்கு எழுதியது:

வரும், ஓதத்தை விட சுத்தமாகவே வரும். ராமநாதபுரம் சுமார் 9.4° வட அட்சம். ஜூன் கடைசி வாக்கில் பகல் ஏறக்குறைய 12 மணி 39 நிமிடம், டிசம்பர் கடைசி வாக்கில் 11 மணி 35 நிமிடம். நடுக்கோடு 12 மணி 7 நிமிடம், வீச்சு 32 நிமிடம், காலம் ஒரு வருடம். டெல்லியை எடுத்தால் 13 மணி 57 நிமிடமும் 10 மணி 19 நிமிடமும் வரும். நடுக்கோடு 12 மணி 8 நிமிடம், வீச்சு 1 மணி 49 நிமிடம். டி இரண்டு ஊருக்கும் கிட்டத்தட்ட ஒன்று, வீச்சு மூன்று மடங்குக்கு மேல். இரண்டு வளைவையும் ஒரே தாளில் வரைந்தால் இரண்டும் ஒரே நடுக்கோட்டைச் சுற்றி ஆடுவது பார்த்தவுடன் தெரியும். ஏன் சரியாக 12 இல்லை என்று கேட்டால், சூரியனின் விளிம்பு தெரிந்தாலே உதயம் என்று எண்ணுகிறோம், போதாததற்குக் காற்று மண்டலம் ஒளியை வளைத்து சூரியனைக் கொஞ்சம் முன்னதாகவே காட்டுகிறது. அந்த ஏழெட்டு நிமிடமும் ஒரு மேல் நகர்வுதான்.


வாடைக்காற்று எழுதியது:

மேசைக்கணக்கு சாரிடம் ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரே நாளின் ஏற்றத்தையும் வற்றத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து டி என்கிறீர்கள். நம் கடலில் காலை ஏற்றமும் மாலை ஏற்றமும் ஒரே உயரம் வராது. எந்த ஏற்றத்தை எடுப்பது?


மேசைக்கணக்கு எழுதியது:

நீங்கள் சொல்வது சரியான இடம். சுத்தமான கோசைனுக்கு உச்சி அடியின் சராசரியும் மொத்த வளைவின் சராசரியும் ஒன்று, அதனால் பாடக்கணக்கில் அந்தச் சுருக்கு வழி செல்லும். நிஜ ஓதம் பல கோசைன்களின் கூட்டு, சந்திரனுக்கு ஒன்று, சூரியனுக்கு ஒன்று, இன்னும் சின்னச் சின்னதாக நிறைய. அங்கே இரண்டு சராசரியும் கொஞ்சம் விலகும். மணிக்கு ஒரு அளவு வீதம் எடுத்து சராசரி போடுவதுதான் நல்ல டி. முறையாகச் செய்பவர்கள் 19 வருட அளவுகளை எடுப்பார்கள், சந்திரன் பாதையின் சாய்வு ஒரு சுற்று முடிக்க 18.6 வருடம் ஆவதால். கல்லூரி புராஜெக்டுக்கு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை எடுத்தால் தாராளம். அரைகுறையாக ஏற்றத்தில் தொடங்கி ஏற்றம் வற்றத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டால் டி ஒரு பக்கம் சாய்ந்துவிடும், முழுச் சுற்றாக எடுக்க வேண்டும்.


தங்கச்சிமடம் கேட்டது:

ஒரு மாதக் கணக்கு எடுத்துவிடுகிறேன். அட்டவணையில் ஏற்றம், வற்றம் இரண்டு உயரம்தான் போட்டிருக்கிறது, மணிக்கு மணி இல்லை. நடுவில் உள்ள புள்ளிகளைக் கையால் எப்படிக் குறிப்பது? கம்ப்யூட்டரில் போடக் கூடாது, கிராஃப் தாளில்தான் என்கிறார் சார்.


வாடைக்காற்று எழுதியது:

கப்பல்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வற்றத்திலிருந்து ஏற்றம் வரை ஏறுகிற மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கு. முதல் மணியில் 1 பங்கு ஏறும், இரண்டாவது மணியில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, ஐந்தாவதில் 2, ஆறாவதில் 1. சார் வைத்த எண்ணிலேயே பார்ப்போம், 0.2-இலிருந்து 0.8 வரை, மொத்தம் 0.6, ஒரு பங்கு 0.05. மணிக்கு மணி 0.25, 0.35, 0.50, 0.65, 0.75, 0.80. மூன்றாவது மணியில் சரியாக நடுக்கோடு, அங்கேதான் தண்ணீர் வேகமாக ஏறும். டி எவ்வளவாக இருந்தாலும் இந்தப் பங்கு மாறாது, தொடங்குகிற மட்டம் மட்டும் மாறும்.


மேசைக்கணக்கு எழுதியது:

வற்றம் முதல் ஏற்றம் வரையுள்ள நேரத்தை ஆறு சம பங்காக எடுத்து கோசைனோடு ஒப்பிட்டால் அதிகபட்சம் ஒரு சென்டிமீட்டர் பிசகு, கிராஃப் தாளில் அது பென்சில் முனைக்குள் மறைந்துவிடும். தங்கச்சிமடம், தாளில் முதலில் நடுக்கோட்டைப் புள்ளிக்கோடாகப் போட்டுவிடுங்கள், அப்புறம் மேலே ஒரு ஏ, கீழே ஒரு ஏ தள்ளி இரண்டு கோடு, அதற்குள் வளைவு. ஒய் அச்சின் ஓரத்தில் '0 = ஓத அட்டவணையின் அடிமட்டம், சராசரிக் கடல்மட்டம் அல்ல' என்று எழுதிவையுங்கள். வைவாவில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.